நான் நீக்கிய நேரங்கள்

எங்கள் வாய்க்காலில் ஒன்பது பேருக்குத் தண்ணீர் முறை. ஒருவர் நோட்டை இன்னொருவர் நம்பமாட்டார். அதனால் யாரும் அழிக்க முடியாதபடி பிளாக்செயினில் பதிவு வைக்கும் நிரலை எழுதிக் கொடுத்தேன். தஞ்சாவூரில் அதுதான் என் தொழில். ஒவ்வொருவர் மடை ஷட்டரிலும் ஒரு கருவி. திறந்தால் ஒரு பதிவு, மூடினால் ஒரு பதிவு.

ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு. குறுவை நடுவில் அது ஏறியது, எல்லோரும் முணுமுணுத்தார்கள். நிரந்தரச் சேமிப்பில் எழுதுவதுதான் விலை கூடிய வேலை என்பதால் நிரலைச் சுருக்கினேன். சாயங்காலம் ஒரே பதிவு: இன்னார் இத்தனை மணி நேரம். திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் எடுத்துவிட்டேன். செலவு பத்தில் ஒரு பங்கானதை டைரியில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

அதற்கு மூன்றாம் வாரம், காலை எட்டே கால். நானும் வயலில் இருந்தேன். வாய்க்காலின் கடைசி வயல்காரரான கடைமடை மாமா, மண்வெட்டியோடு மேல்மடையில் இருக்கும் என் தம்பியின், சித்தப்பா மகனின், வரப்பில் ஏறி நின்றார். அவருடைய பயிர் வெடித்த மண்ணில் மஞ்சளாகிக் கிடந்தது. தம்பி வயலில் கணுக்கால் தண்ணீர்.

"என் முறையில நீ தொறந்துருக்கடா."

"வாயிருக்குன்னு பேசாதீங்க. இந்தா பாருங்க, நேத்து உங்களுக்கும் நாலு மணி நேரம், எனக்கும் நாலு மணி நேரம்." தம்பி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஷட்டரு தொறந்துதான் கெடந்துச்சு. தண்ணி வந்துச்சா?" என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இவன் எத்தன மணிக்குத் தொறந்தான்னு காட்டுங்க."

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. "அத எடுத்துட்டேன் மாமா" என்றேன்.

அவர் போனைத் தட்டிவிட்டார். அது சேற்றில் விழுந்தது. தம்பி அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான். நான் குறுக்கே போனேன். காம்பு என் தோளில் இறங்கியது. அடுத்த வீச்சு மாமாவின் வலது முன்கையில். எலும்பு தெரிந்தது. என் துண்டை இறுக்கிக் கட்டினேன், நனைந்து சொட்டியது. அவர் தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விரல்கள் இனி மடங்காது என்றார்கள். மாமாதான் முதலில் வெட்ட வந்தார், திருட்டுப் பழி போட்டு வந்தார் என்று தம்பி புகார் கொடுத்திருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பதிவை என்னிடம் எழுத்தில் கேட்டார்கள்.

வாசலில் தம்பி என் சட்டைக் காலரைப் பிடித்தான். "அண்ணே, போன்ல இருக்கறத மட்டும் குடுங்க. நாலு, நாலு. அவ்வளவுதான்."

"அது பாதிதாண்டா."

கன்னத்தில் அறைந்தான். கீழுதடு பல்லில் கிழிந்தது. அண்ணன் மேல் அவன் கை வைத்தது அதுவே முதல் தடவை.

நேரங்களைச் சேமிப்பில் வைக்காமல், விலை குறைந்த நிகழ்வுக் குறிப்பாக விட்டிருக்கலாம். செலவு சற்றுத்தான் கூடியிருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். இன்னும் குறைக்க ஆசைப்பட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்து எழுதினேன்: இந்தப் பதிவு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ஒரே நேரத்தில் இருவர் திறந்தார்களா என்பதைச் சொல்லாது. அந்த விவரத்தை நீக்கியவன் நான். உதட்டு ரத்தம் தாளில் படாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.