வாடகைக்கு ஓர் அடுப்பு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் அப்பா கோலா கெத்தில் டவுன் கடைத்தெருவில் வாடகைக்கு அறை தேடி அலைந்தார். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வாடகையே இல்லாமல் இருந்தவருக்கு இது என்ன கேடு என்று ஏழு வயதில் எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் கருத்துச் சொல்லும் பழக்கம் அப்போதே இருந்தது. அப்பாவுக்கு டவுன் ஆசை பிடித்துவிட்டது என்று சித்தியிடம் சொல்லிக் கிள்ளு வாங்கினேன்.

விஷயம் வேறு. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டிருந்தார்கள். முன்பு போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு ஆண்கள் சாப்பிட்டால் ஒருவர் போக வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து ஏற்பாடு. அப்பாவும் சித்தப்பாவும் ஓர் அடுப்பு. சித்தப்பாவின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. குடும்பம் பிரிந்துவிட்டது என்றால் பெயரை எடுக்கலாம், ஆனால் தனி அடுப்பைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பட்டியல் எழுதும் தோட்டத்துக் கிராணி சாடையாகச் சொல்லியிருந்தார். லயத்து வீட்டுக்குள்ளேயே சாக்குத் திரை கட்டிப் பிரிந்தவர்களை அவர் நம்பவில்லை.

ஆகவே அப்பாவுக்குக் கூரை இரண்டாம்பட்சம், அடுப்புதான் முக்கியம். வீட்டுக்காரர்கள் நேர்மாறாக இருந்தார்கள். எல்லாம் பலகை வீடுகள், நெருப்பென்றால் நடுக்கம். கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் மாடியறையைக் காட்டி, “தீடோர் போலே, மாசாக் தா போலே” என்றார். படுக்கலாம், சமைக்கக் கூடாது. இன்னொருவர் அடுப்புக்குச் சம்மதித்து வாரம் ஒரு கோழி கேட்டார். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை அப்போது யாரும் மதிக்கவில்லை. எங்களிடம் மொத்தமே இரண்டு கோழிகள். அந்த வீட்டில் இரண்டு வாரம் வாழ்ந்திருக்கலாம்.

கடைசியில் மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் நானா ஒருவர், கடைக்குப் பின்னால் ஆடு கட்டியிருந்த கொட்டகையைத் தந்தார். வாரம் ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு வாடகை.

“ஆடு போயிருச்சு தம்பி, வாசம் மட்டும்தான் இருக்கு. அதுக்குத் தனியா வாடகை கேக்கல” என்றார் அப்பாவிடம்.

அம்மா மண் பிசைந்து அடுப்புப் போட்டாள். அத்தோடு நின்றாள். அது ஆடி மாதம். ஆடியில் புதுமனை அடுப்பில் தீ வைத்தால் குடும்பம் நிலைக்காது என்றாள். ஜப்பான்காரனை ஏமாற்றத் துணிந்த அப்பாவுக்கு ஆடியை மீறத் துணிவில்லை. ஆவணி பிறக்கும்வரை சித்தி லயத்தில் சமைக்க, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் சித்தப்பா தினமும் தூக்குச்சட்டி கொண்டுவந்தார். பிரிந்த குடும்பம் முன்னைவிட ஒற்றுமையாகச் சாப்பிட்டது.

குடிவந்த ஐந்தாம் நாள் கிராணி வந்தார். அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா வாயைத் திறக்குமுன் அவர் என்னிடம் குனிந்து, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். காலில் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் என்னை மதித்துக் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை. குறை வைக்காமல் பதில் சொன்னேன்.

“நாங்க சமைக்கிறதில்லங்க. சித்திதான் லயத்துலருந்து அனுப்புது. ஆடி முடிஞ்சாத்தான் அம்மா அடுப்பு மூட்டும்.”

அம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கிராணி பட்டியலைத் திறந்தார், மூடினார். அவரும் ஆடி மாதம் தெரிந்தவர்தான்.

“தங்கச்சி, நீங்க ஆடி பாத்துக்கிட்டிருந்தா உங்க கொழுந்தன் சயாமுக்குப் போயிருவான். நான் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வர்றேன். வர்றப்ப இங்க புகை தெரியணும்லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானா வீட்டிலிருந்து கங்கு வாங்கி வந்து, கூரையிலிருந்து ஓலையை உருவி, ஆடி மாதத்தில் அம்மா அடுப்பு மூட்டினாள். பானையில் வெறும் தண்ணீர். கிராணி வந்தபோது கொட்டகை முழுக்கப் புகை. எல்லார் கண்ணிலும் நீர்.

அவர் குந்தி உட்கார்ந்து, பட்டியலை முழங்காலில் வைத்து, பென்சிலால் ஒரு பெயரை அடித்தார். கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு பெயரை எழுதினார். அம்மா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. பக்கத்தின் அடியில் மொத்தம் எத்தனை ஆள் என்று போட்டிருந்த எண்ணை மட்டும் படிக்க முடிந்தது. அதை அவர் தொடவில்லை. கணக்கில் நான் கெட்டிக்காரி. ஒன்றை அடித்து ஒன்றை எழுதினால் கூட்டுத்தொகை மாறாது. கிராணி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார் என்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.