ஒரு டிக்கா, பல டிக்கா?

ஸ்டார்ட் ஆகாத காருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான், 'டிக்'. அதைப் புரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு. அவசரமாகக் கிளம்பும்போது சாவியைத் திருப்பி, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு நின்ற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் பதினோரு வருஷமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் கைதேர்ந்த மெக்கானிக்கை 'ஆசான்' என்று கூப்பிடுவார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப் செல்வராஜ் அண்ணன் ஊருக்கே ஆசான். பெண் என்பதால் நான் மட்டும் 'பிள்ளே'. 'ஆசான்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

போனில் வைத்தியம்

திருப்புறத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட சார் போன் செய்தார். கார் கிளம்பவில்லை, டிக் சத்தம் மட்டும் வருகிறது என்றார். "ஒரு டிக்கா, பல டிக்கா சாரே?" என்று கேட்டேன். அவர் "டிக்டிக்டிக்டிக்" என்று வாயாலேயே அடித்துக் காட்டினார். பின்னால் அவர் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது.

ஒரே டிக் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். படபடவென்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி சோர்ந்து கிடக்கிறது. "ஹெட்லைட்டைப் போட்டுட்டுத் தாக்கோலைத் திருப்புங்க" என்றேன். சாவியைத் திருப்பியதும் வெளிச்சம் செத்துப்போனது என்றார். பேட்டரியேதான். அடுத்த வீட்டுக் காரிலிருந்து ஒயர் கொடுக்கச் சொல்லி, எதை எங்கே மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனிலேயே எஞ்சின் உறுமியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாரும் மனம் நிறைந்து சொன்னார்: "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்! இனி மெக்கானிக்கு எப்பம் வருவாரு?"

காரோட்டுக் கடற்காற்று

காரோட்டில் ஒரு மீன் வியாபாரி. அவருடைய வேனுக்குப் புது பேட்டரி போட்டும் 'டிக்'தான். மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூவரும் பேட்டரியையே முறைத்திருக்கிறார்கள். நான் பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது முடிகிற போல்ட்டில் கடற்காற்றும் மீன்பெட்டித் தண்ணீரும் சேர்ந்து பச்சையும் துருவுமாக அப்பியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. வேலை பத்து நிமிஷம்தான். எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது. வியாபாரி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்: "ஒனக்கு நல்ல ராசி உண்டு பிள்ளே!"

ராசிக்காரி சறுக்கியது

பெருமையை மட்டும் சொன்னால் நம்பமாட்டீர்கள். விளக்கைச் சரிசெய்ய விட்டுப்போன காரை எடுக்க ஒருவர் மறுநாள் வந்தார். சாவியைத் திருப்பினார். 'டிக்டிக்டிக்!' டிக்கியை நான் சரியாக மூடாததால் உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைக் குடித்துவிட்டது. செல்வராஜ் அண்ணன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்: "பிள்ளே, ஒரு டிக்கா, பல டிக்கா?"

சந்தனம் மணந்த பேட்டரி

கொல்லயிலில் சிவதாணு பிள்ளை சார் என்று ஓய்வு பெற்ற அரசாங்க குமாஸ்தா ஒருவர். பக்திமான். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் கார் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்று செல்வராஜ் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் படுத்திருந்தார். ஒயர் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார். "ஒரு நிமிஷம் அண்ணே" என்றேன். சார் முகம் சுளித்தார். "ஆசான் சொல்லியாச்சில்லா? நீ சும்மா நில்லு பிள்ளே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன், தெம்பாக இருந்தது. பேட்டரியைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன், முள் விழுந்துவிட்டது. கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே கமகமவென்று சந்தனம்! சார் பூஜைக்காகக் கிளாம்பைக் கழற்றித் துடைத்து, பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழுக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். அது காய்ந்து கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"தெய்வ காரியத்தையா குத்தம் சொல்லுதே?" என்றார் சார்.

"குத்தமில்ல சாரே. சந்தனம் மேல இருக்கட்டும், கிளாம்புக்கு அடியில வேண்டாம். அவ்வளவுதான்."

சுரண்டித் துடைத்து மாட்டிவிட்டு, பேட்டரி மூடியின் நடுவில் நானே புதிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். சார் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது. பழக்க தோஷத்தில் சார் செல்வராஜ் அண்ணன் பக்கம் திரும்பி, "ஆசானே, இனி வேற எதாவது பாக்கணுமா?" என்று கேட்டார். அண்ணன் சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னார்: "என்னட்ட கேக்காதீங்க சாரே. ஆசான் அன்னா நிக்காவ, அவியள்ட்ட கேளுங்க."

காரைக் கிளப்ப எனக்குப் பத்து நிமிஷம் போதும், அந்த ஒரு வார்த்தையை ஊர் வாயிலிருந்து கிளப்பத்தான் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.