வெள்ளைக் குச்சி

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நர்ஸை எல்லோரும் குச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கு மசியாத கிருமி எந்தக் குழந்தையின் குடலில் குடியேறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. வாரம் தவறாமல் ஒவ்வொரு குழந்தையின் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியை லேசாக விட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாள். பெற்றவர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள், இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. முட்டிவலி வேறு உயிரை வாங்கியது. "வேலைய விட்டுத் தொலையேன்" என்பார் வீட்டுக்காரர். விட்டால் நாள் முழுக்க அவர் முகத்தையல்லவா பார்க்க வேண்டும்!

கண்ணாடி அறையில் இரட்டையரில் சின்னவன் தனியே கிடந்தான். கிருமி இருந்ததே தவிர, காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை. போன வாரம் எடுத்ததில் கிருமி தட்டுப்படவில்லை. இந்த வாரமும் இல்லையென்றால் வெளியே விட்டுவிடுவார்கள். பொது அறையில் இருக்கும் பெரியவனையும் இவனையும் சேர்த்து மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்று தாய் தவித்துக்கொண்டிருந்தாள்.

குச்சி வெள்ளை வெளேரென்று வந்தது. அப்போதுதான் யாரோ துடைத்துத் துணி மாற்றியிருந்தார்கள். மலக்கறை துளியாவது ஒட்டாவிட்டால், கிருமி இருந்தாலும் தெரியாது. அப்படியே குழாயில் போட்டு மூடிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று இவள் கையையே பார்த்தாள். குச்சியக்காவுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. குச்சியைக் குப்பையில் எறிந்துவிட்டு, மெனக்கெட்டுக் காத்திருந்து, குழந்தை மலம் கழித்தபின் மறுபடி எடுத்தாள்.

முடிவு வந்தது. கிருமி இருந்தது.

"மொதக் குச்சியையே அனுப்பியிருக்கலாமேக்கா?" என்றாள் தாய். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அனுப்பியிருக்கலாம்மா. அப்புறம் பெரியவனுக்கும் ஒட்டியிருக்கும். ரத்தத்துல ஏறிடுச்சுன்னா எந்த மருந்துக்கும் கேக்காது."

இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம். களைப்பில் வந்துவிட்டது.

சாயங்காலம் தாய் சின்னவனைப் பார்த்துவிட்டு, முழங்கை வரை சிவக்கச் சிவக்கக் கழுவிக்கொண்டு பெரியவன் தொட்டிலருகே வந்து நின்றாள். அவன் பசியில் வீறிட்டான்.

"தூக்குங்கம்மா, அதான் கழுவிட்டீங்களே" என்றாள் குச்சியக்கா.

தாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நீங்களே தூக்குங்க."