முந்தானையில் ஒரு வண்டிச் சாவி

நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாக டெல்லியில் சொன்னார்கள். சில வருஷங்களில் அந்தக் காற்று குடவாசலுக்கும் வந்தது. ஜெய்னுலாபுதீன் ராவுத்தர் தன் அரிசி ஆலைக் குடோனுக்கு மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வாங்கப்போகிறாராம். எந்த வண்டி என்று தேர்ந்து சொல்லும் பொறுப்பு முருகையனுக்கு. சவுதியில், தம்மாமில் அதை ஓட்டிவிட்டுத் திரும்பியவன் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

ஊர் பொறாமைப்பட்டது. அவனுக்கோ சோறு இறங்கவில்லை.

அந்த வண்டிக்குத் திரும்புவது பின்சக்கரம். முகம் இடது பக்கம் போனால் பின்புறம் வலது பக்கம் வீசும், கூட்டணி மாறும் தலைவர்களைப் போல. நசுங்குவது பக்கத்தில் நிற்பவன். தம்மாமில் பெருக்கிக்கொண்டிருந்த நேபாளி ஒருவன் அப்படித்தான் போனான். ஓட்டியது முருகையன் இல்லை. ஆனாலும் அந்தத் துடைப்பம் தரையில் விழுந்த சத்தம் டிக்கெட் இல்லாமலே அவனோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

ராவுத்தர் குடோனில் பெருக்குபவள் அவன் மனைவி அம்சவல்லி. மூட்டையிலிருந்து சிந்தும் நெல் பெருக்கும் பெண்களுக்கே என்பது அங்கே வழக்கம். முந்தியவளுக்கு நெல். மூட்டை அசைந்தால் போதும், தூக்குகிறவன் காலிடுக்கில் புகுந்தாவது கூட்டிவிடுவார்கள்.

திருச்சி விற்பனையாளர் வெள்ளோட்டத்துக்கு இரண்டு வண்டிகளை இறக்கினார். ராவுத்தரின் கண் பெரிய டீசல் வண்டியிலேயே நின்றது.

"யானை மாதிரி இருக்குல்ல?"

"யானை திரும்ப இடம் வேணுமே முதலாளி. மூட்டைங்களுக்கு நடுவுல நம்ம சந்து தாங்காது."

ஓட்டிக் காட்டினான். புகை கூரைவரை நிறைந்து, ராவுத்தரே இருமிக்கொண்டு வெளியே ஓடினார். பெண்கள் அதற்கு முன்பே ஓடியிருந்தார்கள். முருகையனுக்கு அதில் ஒரு நிம்மதி. இரைச்சல் இருந்தால் விலகுவார்கள்.

அடுத்தது சின்ன பேட்டரி வண்டி. சந்துக்குள் சுலபமாகத் திரும்பியது. புகை இல்லை. சத்தமும் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் யார் விலகுவார்கள்? மூட்டை அடுக்கைத் தூக்கியதும் ஒரு மூட்டை கிழிந்து நெல் கொட்டியது. வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பியவன் கண்ணோரத்தில் ஒரு துடைப்பம்.

பிரேக்கை மிதித்தான். வண்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் நடுவே குனிந்திருந்த அம்சவல்லி நிமிர்ந்தாள்.

"வரும்போது ஒரு சத்தம் குடுக்க மாட்டீங்களா? நெல்லெல்லாம் மிதிபடுது பாருங்க!"

அவன் வண்டியை அணைத்தான். இறங்கி, சாவியைப் பிடுங்கி அவள் கையில் திணித்தான்.

"இதத்தான் வாங்கணும் முதலாளி. ஆனா ஒண்ணு. கூட்டணும்னா வண்டி நிக்கணும், சாவி இவங்ககிட்ட இருக்கணும். கூட்டி முடிச்சுக் குடுத்தாத்தான் எடுப்பேன்."

"நல்லா இருக்குடா! வண்டி என்னுது, சாவி உம் பொண்டாட்டிகிட்டயா?"

"இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் இல்லை. ராவுத்தர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். அம்சவல்லி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு குனிந்தாள். முருகையன் இத்தனை நாளில் முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டான்.

விற்பனையாளர் பையைத் துழாவினார்.

"அவசரம்னா கவலைப்படாதீங்க பாய், ரெண்டு சாவி வரும்" என்று இன்னொன்றை ராவுத்தரிடம் நீட்டினார். அது சட்டைப்பைக்குள் விழுவதை முருகையன் பார்த்தான்.

அம்சவல்லி இன்னும் வண்டிக்குப் பின்னால்தான் குனிந்திருந்தாள். அவன் மறுபடி ஏறி இருக்கையில் உட்கார்ந்துகொண்டான், வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல்.