வெள்ளை டெம்போவை எடுக்கச் சொன்னவர்

சென்ற வாரம் கோயம்புத்தூரில், ஒரு கல்லூரி அரங்கில் மாலை நிகழ்ச்சிக்காக வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலையிலிருந்து வசந்தி அழைத்தாள். "அக்கா, அப்பா காலையில போயிட்டாருங்க்கா" என்றாள்.  மேடையில் ஒருவர் வந்து சத்தம் போதுமா, ஏற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

வசந்தியின் அப்பா பெரியண்ணன். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்காரர்களுக்கு மைக்செட் பெரியண்ணன். மலையில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்த விவசாயி. கோயில் திருவிழாவான நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்றால் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து கட்டிவிட்டு, மைக்கையும் தானே பிடித்துக்கொள்வார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கைபேசியில் கூட இருக்கலாம். "வெள்ளை டெம்போ" என்று எல்லோரும் சொல்லும் என்னுடைய உருப்படியில், வயலினுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் ஆண்குரல் அவருடையதுதான். நான் பெயர் வாங்கியது அந்தக் குரலோடு சேர்ந்துதான்.

நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி. சேலத்தில் முறையாகக் கர்நாடக வயலின் கற்றேன். கல்லூரியில் டிரம்ஸ் வாசிக்கும் ஹரியோடு சேர்ந்து வழி மாறினேன். சபாக்காரர்கள் எங்களை ஆர்க்கெஸ்ட்ரா என்றார்கள், ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எங்களைப் பாட்டுக் கச்சேரி என்றார்கள். இரண்டு பக்கமும் கூப்பிடாத அந்த நாட்களில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி செம்மேட்டு நோம்பியில் ஒரு மாலை கிடைத்தது. அன்றுதான் பெரியண்ணனை முதலில் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பெட்டியையும் ஒயர்களையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லூப் பெடல் என்பார்கள். ஒரு தடவை அழுத்திவிட்டு நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்து மறுபடி அழுத்தினால், வாசித்ததை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன் மேல் நான் வேறொன்றை வாசிக்கலாம். மற்றவர்கள் நின்றுகொண்டு காலால் மிதிப்பார்கள். நான் சப்பணமிட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பவள். எனவே பெட்டியை இடது முழங்காலுக்கடியில் வைத்து முட்டியால் அழுத்துவேன். பார்க்க லட்சணமாக இருக்காது, வேலை நடக்கும். வழக்கமாக வயலினிலேயே ஒட்டியிருக்கும் மைக் அன்று மக்கர் செய்துவிட்டது. பெரியண்ணனின் மைக் ஒன்றை முன்னால் நிறுத்தி வைத்து வாசித்தேன்.

கீரவாணி ராகத்தில் நாலு ஆவர்த்தனம் வாசித்து முட்டியால் மறுபடி அழுத்தப் போகும் நேரம், தலைக்கு மேலே இருந்த குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது: "வெள்ளை டெம்போ... வெள்ளை டெம்போ... கொஞ்சம் எடுங்க சாமி!" சாப்பாட்டு வண்டிக்கு வழி விடாமல் யாரோ நிறுத்தியிருந்தார்கள். டெம்போக்காரர் ஓடிப்போய் எடுத்துவிட்டார். ஆனால் பெட்டி அந்தக் குரலையும் பிடித்துக்கொண்டுவிட்டது. சுற்றுக்கொருமுறை வெள்ளை டெம்போ வந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. டெம்போக்காரர் எடுத்த வண்டியை இன்னும் தள்ளி நிறுத்திவிட்டு, பாவம், மறுபடி ஓடி வந்து பார்த்தார்.

அழித்துவிடு என்று ஹரி கண்ணால் ஜாடை காட்டினான். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் நாலாவது சுற்றில் கவனித்தேன், அந்த "எடுங்க சாமி" காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு எவ்வளவு அழகாக வழுக்கி இறங்குகிறது என்று. அதே இறக்கத்தை வயலினில் வாசித்துப் பதில் சொன்னேன். அவர் கேட்க, நான் மறுக்க, அவர் கெஞ்ச, நான் கொஞ்சம் பின்வாங்க என்று நீண்டது. யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். மூன்றாம் நாள் என் பெயர் எனக்கே அந்நியமாகிவிட்டது. சென்னை, பெங்களூரு, பிறகு சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

சென்னையில் ஓர் இசை நிறுவனம் அதை முறையாக வெளியிட முன்வந்தது. நோம்பி இரைச்சல் இல்லாமல் குரலை மறுபடி பதிய வேண்டும் என்றார்கள். பெரியண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் பஸ் ஏறி வந்தார். கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்து, சொல்லுங்கள் என்றோம். சுற்றிலும் பார்த்தார். "எந்த டெம்போ கண்ணு?" என்றார்.

"டெம்போ இல்லைங்கண்ணா, சும்மா சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். கல்யாண வீட்டில் தண்ணீர் கேட்பதுபோல மெதுவாக, கூச்சத்தோடு. பத்துப் பதினைந்து தடவை சொல்லியும் அதே கதைதான். நிறுவனத்தின் ஆள் என்னைத் தனியாக அழைத்து, மாலைக்குள் வராவிட்டால் டப்பிங் பேசுகிற ஒருவரை வைத்து முடித்துவிடுவோம் என்றார். நான் கோபத்தோடு உள்ளே போனேன். "ஏன்ணா இப்படிப் பண்றீங்க?"

"கோவிச்சுக்காத கண்ணு. வண்டியே இல்லாம எடுங்கன்னா யாரு எடுப்பாங்க? மைக்குல இல்லாதத சொல்லக் கூடாது. எனக்கு வாயே வரமாட்டேங்குது."

ஹரிதான் வழி கண்டுபிடித்தான். தெருமுனையில் தண்ணீர் கேன் போடும் ஒரு வெள்ளை டெம்போவை அழைத்து வந்து ஸ்டூடியோ கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டான். மைக்கை ஜன்னலோரம் கொண்டுபோனோம். நிறுவனத்து ஆளின் காரே வெளியே போக முடியாமல் ஹாரன் அடித்தது. பெரியண்ணன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. செம்மேட்டில் கேட்ட அதே குரல் வந்தது. டிரைவர் நிஜமாகவே டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். முடிந்தது என்று நாங்கள் கை தட்டினோம். அவர் எங்களைக் கை அமர்த்திவிட்டு, மைக்கில் "எடுத்துட்டாருங்க, நன்றிங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். வெளியான பாட்டின் கடைசியில் அந்த நன்றியும் இருக்கிறது. வெட்டச் சொன்னார்கள், நான் விடவில்லை.

அதன் பிறகு அவரை யாரும் சும்மா விடவில்லை. ஒருமுறை மலையில் வாசலூர்பட்டி படகுத் துறையில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். சுற்றுலா வந்த இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு, "ஒரு தடவை டெம்போ சொல்லுங்க அங்கிள்" என்றார்கள். அவர் நிஜமான அக்கறையோடு சாலையை இரண்டு பக்கமும் பார்த்து, "இல்லீங்களே சாமி, எல்லாம் ஓரமாத்தான நிக்குது" என்றார். அவர்கள் அதற்கும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

இந்தக் குணத்தை மலைக்காரர்கள் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஒரு நோம்பியில் வானம் கறுத்துக்கொண்டு வர, கூட்டம் கலையாமலிருக்க மழை வராது என்று அறிவிக்கச் சொன்னார்கள் விழாக்குழுவினர். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "மழை வராதுன்னு கமிட்டில சொல்றாங்க." அடுத்த நிமிடம் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மழையும் வந்தது. கமிட்டிக்காரர்கள் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

இனி என் கதை. வருடாவருடம் நோம்பிக்குப் போய் வாசித்தேன். மற்ற மேடைகளில் என்னை "உலகப் புகழ்", "வயலின் புயல்" என்றெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் மட்டும் முதல் வருடம் சொன்னதையே சொன்னார்: "அடுத்ததா வயலினுங்க. வாசிக்கறது பேளுக்குறிச்சி சௌமியா." எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன், நல்லா வாசிப்பாள் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று.

"உனக்குப் பேரு வந்திருக்கறது ஊருக்கே தெரியும் கண்ணு. நல்லா வாசிக்கறியான்னு எனக்குத் தெரியோணுமல்ல? நீ வாசிக்கறப்ப சனங்க என்னையத்தான கேக்கறாங்க, டெம்போ எப்ப வரும்னு."

அன்று அவரோடு சண்டை போடாமல் வந்ததே பெரிய விஷயம். ஆனால் அவர் கை வைத்தது சரியான இடத்தில். எந்த ஊரில் எந்த ராகத்தை எடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து "டெம்போ! டெம்போ!" என்று கூச்சல் கிளம்பும். பிள்ளைப் பிராயத்திலிருந்து நான் தேய்த்துத் தேய்த்துக் கற்ற வயலின், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கவாத்தியமாகிவிட்டதோ என்ற பயம் எனக்குள் ஏறிக்கொண்டே போனது. வெறும் வயலினை யாராவது உட்கார்ந்து கேட்பார்களா? பாராட்டுகிறவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் எதையும் பாராட்டுவார்கள். பொய் சொல்ல வராத ஒரே ஆளிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதை வாங்க முடியவில்லையே என்று பல வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

சென்ற நோம்பிக்கு முன்பே அவருக்கு நெஞ்சுச் சளி முற்றி நாமக்கல்லுக்கும் மலைக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். வசந்திதான் மைக்செட்டைக் கட்டினாள். "ஊட்ல படுங்கன்னா கேக்கறதில்லீங்க்கா" என்று என்னிடம் குறைபட்டாள். அவர் சால்வை போர்த்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க வாங்க, அதே அறிவிப்பை அதே சொற்களில் செய்தார்.

நான் அன்று பெட்டியைக் கொண்டு போகவில்லை. ஹரியையும் இறங்கி உட்காரச் சொல்லிவிட்டேன். இனிமேல் அவருக்கு எத்தனை நோம்பி என்று யாருக்குத் தெரியும் என்ற எண்ணம்தான். கனமான தோடி ராகத்தை எடுத்தேன். மலையில் நோம்பிக் கூட்டத்துக்குத் தோடி வாசிப்பது அசட்டுத் துணிச்சல். வழக்கம்போல டெம்போ என்று கத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.  கீழ் ஸ்தாயியில் நின்று நிதானித்து மெல்ல மேலே வந்தேன். எவ்வளவு நேரம் வாசித்தேனோ, ஒரு மணி நேரம் இருக்கலாம். முடித்துக் கண் திறந்தபோது பனி இறங்கி, முன்வரிசையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒருவர், "சூப்பருங்க, ஆனா டெம்போவும் வாசிச்சிருக்கலாம்" என்றார். எனக்கு வெறுத்துப்போயிற்று. வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு நேரே பெரியண்ணனிடம் போனேன்.

"எல்லாரும் போயிட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன். எப்படி இருந்தது என்று கேட்க இந்தத் தடவை தைரியம் வரவில்லை.

அவரை இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்தார். பிறகு, "உட்காரு கண்ணு" என்றார். "எனக்குப் பாட்டு பத்தி என்ன தெரியும்? ஆனா மேடையில நடக்கறது சலிச்சுப்போச்சுன்னா எங்கிட்ட ஆளு வர ஆரம்பிச்சுரும். புள்ளயக் காணோம், செருப்பக் காணோம், மச்சானைக் கூப்புடுங்க, பஸ்சு எப்பங்கன்னு. சனங்க கவனம் கலைஞ்சாத்தான காணாமப் போனது நெனப்பு வரும்? நாடகம் ஓடுனாலும் வருவாங்க, மந்திரி பேசுனாலும் வருவாங்க. உன்ற டெம்போ ஓடறப்பகூட வந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இன்னிக்கு ஒருத்தரும் வரலீங்க" என்றார். என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அது ஒரு தடவைதான். "மைக்க ஆஃப் பண்ணி வெச்சுட்டு நானும் உக்காந்துட்டேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். வசந்தி பதறி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் "பனியில உக்காராத, கெளம்பு" என்று அனுப்பிவைத்தார். அதன் பிறகு இரண்டு தடவை மருத்துவமனையில் பார்த்தேன். மிளகு விலையைப் பற்றியும், மேட்டுக்காட்டில் பன்றி இறங்குவதைப் பற்றியும் பேசினோம். இசையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரை அறிந்த மலை உறவுகளே, நீங்கள் இழந்தது உங்கள் கல்யாணங்களையும் சாவுகளையும் உள்ளது உள்ளபடி ஊருக்குச் சொன்ன ஒருவரை. நான் இழந்தது என்னைப் புகழாத ஒருவரை. என் வீட்டு அலமாரியில் கேடயங்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உண்மை என்று தெரியும். ஒரு மாலை, ஒரு மணி நேரம், பெரியண்ணனுக்கு மைக்கில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவரிடமிருந்து அதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.