என் இஸ்திகாராவுக்கு மற்றவர்கள் கண்ட கனவுகள்

சகோதரிகளே, அல்லாஹ்வின் மீதே எனக்குக் கோபம் வந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபத்தை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் அது உண்மையான சாட்சியாக இருக்காது.

ஊர் திண்டுக்கல். என்னைப் பெற்ற அத்தாவுக்கு ஆட்டுத்தோல் வியாபாரம். பிளஸ் டூ முடித்து நீட் எழுதினேன், போதவில்லை. ஒரு வருடம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். போன வருடம் மதிப்பெண் வந்தது. படுமோசம் என்றால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். வந்ததோ இரண்டுங்கெட்டான் மதிப்பெண். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கிடைக்கும், கை நழுவினாலும் நழுவும்.

அந்த வருடமே மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதா, இன்னொரு தடவை நீட் எழுதிவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பிப்பதா? பயிற்சி மையத்தில் இருந்து தினமும் போன். புது பேட்ச் தொடங்கிவிட்டதாம், உடனே சேர வேண்டுமாம். இப்போது விண்ணப்பித்து, இடம் வந்தபின் வேண்டாம் என்றால் சிக்கல் என்று வேறு பயமுறுத்தினார்கள். எனக்குத் தலை வெடித்தது.

“இஸ்திகாரா தொழுதுட்டுப் படும்மா” என்றார் அம்மா. எது நல்லது என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. எங்கள் பக்கம் அதோடு ஒரு வழக்கத்தையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வருமாம். பச்சை, வெள்ளை தெரிந்தால் செய்யலாம். கறுப்பு, சிவப்பு தெரிந்தால் கூடாது.

தொழுதேன், படுத்தேன், ஒன்றும் வரவில்லை. தூக்கமே வராதவளுக்குக் கனவு எங்கிருந்து வரும்? ஆனால் மற்றவர்களுக்கு வரிசையாக வந்தது. ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் மாமி, அதாவது அத்தாவின் தங்கை, காலையிலேயே போன் செய்தார். பச்சை வயலில் நான் வெள்ளைக் கோட்டுப் போட்டு நடந்தேனாம். மறுநாள் அம்மாவின் கனவில் ஒரு கறுப்பு ஆடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

“கறுப்புங்க. இந்த வருசம் வேணாம்” என்றார் அத்தாவிடம்.

அத்தா டீயை வைத்துவிட்டுச் சொன்னார். “தோல் யாவாரி வீட்டுல கனவுல ஆடு வராம, ஆனையா வரும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்தும் முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து கேட்டேன். யா அல்லாஹ், மாமிக்குக் காட்டுகிறாய், அம்மாவுக்குக் காட்டுகிறாய், படிக்கப் போகிறவள் நான்தானே, எனக்கு ஏன் காட்டவில்லை? அதை துஆ என்று சொல்ல முடியாது. சண்டை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், அஸர் தொழுதபின், இஸ்திகாராவில் ஓதுகிற துஆவின் தமிழ் அர்த்தத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். அதுவரை அரபியை ஒப்பித்ததோடு சரி. அதில் கனவு என்ற பேச்சே இல்லை. நீ அறிவாய், நான் அறியேன். நல்லதை எனக்கு எளிதாக்கு, அதில் என் மனதைத் திருப்தியாக்கு. சாரம் இவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் நான் எதற்குக் கனவைத் தேடினேன்? நாளைக்குத் தப்பாகிப் போனால் பழியை அதன் தலையில் போடத்தான். என் விருப்பம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், சொல்லத்தான் பயம்.

நேரே அத்தாவிடம் போனேன். “அத்தா, நான் இந்த வருசமே போடுறேன். அதே புத்தகத்த இன்னொரு வருசம் படிக்க என்னால ஏலாது. கெடைக்காட்டி நர்சிங் படிக்கிறேன்.”

“அந்தக் கறுப்பு ஆடு…” என்று அம்மா ஆரம்பித்தார்.

“செத்த நேரம் சும்மா இரு. புள்ள சொல்லி முடிக்கட்டும்” என்றார் அத்தா.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் சர்வர் நின்றுவிட்டது. “பாத்தியா, அல்லாஹ்வே தடுக்குறான்” என்று அம்மா போனில் அழுதார். “அம்மா, இது சர்வர். எல்லாருக்குந்தான் நிக்கிது” என்றேன். சாயங்காலம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அன்று இரவு படுத்தவள் ஃபஜ்ர் பாங்கு கேட்டுத்தான் விழித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு வந்த தூக்கம். என் துஆவுக்குப் பதில் அன்றைக்கே வந்துவிட்டது என்று இப்போது நம்புகிறேன்.

ஆனால் முதல் சுற்றில் இடம் இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. துக்கம் விசாரிப்பதுபோல உறவுகள் போன் செய்தார்கள். எரிச்சலில் போனை அணைத்துப் போட்டேன். ஆனாலும் ஏன் விண்ணப்பித்தோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மூன்றாம் சுற்றில் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி, தூரத்து மாவட்டம். தோல் மண்டியிலிருந்து வந்த அத்தாவிடம் சொன்னேன். கை கால் கழுவப் போனவர் ஒளுச் செய்துவிட்டு வந்து ஸஜ்தாவில் விழுந்தார். அவருக்குப் பின்னால் நானும் அம்மாவும் விழுந்தோம். அல்ஹம்துலில்லாஹ். இன்று முதலாமாண்டு படிக்கிறேன். தன் கனவுதான் பலித்தது என்று மாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் கடைசித் தேதியைப் பார்த்துத் தவிக்கும் பிள்ளை இருக்கலாம். இரண்டு ரக்அத் தொழச் சொல்லுங்கள். அல்லாஹ் கைவிட மாட்டான். தொழுதுவிட்டு வந்ததும், உனக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் குறுக்கே பேசாதீர்கள்.