கண்ணாடி அறையும் மிஸ்ஸியும்

கல்யாணமாகி நாலாவது வருடம் என் கணவர் கொதிக்கும் கஞ்சியில் வெந்துபோனார். கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவர் சமையல்காரர். சோறு வெந்த பெரிய கிடாரத்தைச் சரித்துக் கஞ்சி வடிக்கும்போது கால் வழுக்கிவிட்டது. இரண்டு கைகளும் நெஞ்சும் வெந்தன. முகத்திலும் தெறித்ததில் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடி அறை ஒன்றுக்குள் வைத்தார்கள். புண்ணில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று என்னை உள்ளே விடவில்லை. எங்கள் ஊர் ஹேவாஹெட்டயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வெளியே நிற்பேன்.

உள்ளே ஒரு மிஸ்ஸி இருந்தாள். தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். திகனயைச் சேர்ந்த முஸ்லிம் பெண், தமிழ் பேசுவாள். பச்சைக் கவுனுக்கும் முகக்கவசத்துக்கும் இடையில் கண்கள் மட்டும் தெரியும். காலையில் புண்ணில் ஒட்டிய பழைய துணிக்கட்டை நனைத்து நனைத்துப் பிரிப்பாள். உப்புநீர் ஊற்றிக் கழுவி, செத்த தோலை இடுக்கியால் எடுப்பாள். அப்போது குனிந்து அவரிடம் ஏதோ கேட்பாள். அவர் உதடு அசையும், நெடுநேரம் அசையும். ஒரு நாள் சிரிக்கவும் சிரித்தார்.

என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. வேலை விட்டு வந்தால் இரண்டு வார்த்தை, அதுவும் சாப்பாட்டைப் பற்றி. எனக்கு வயிறு எரிந்தது. புருஷனைக் காப்பாற்றுகிறவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதால் பொறாமை குறையவில்லை. அவள் லீவில் போன நாளில் வேறொருத்தி கழுவினாள். அவர் வாயே திறக்கவில்லை. அன்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மிஸ்ஸி வெளியே வந்தாள். "தங்கச்சி, ஊட்டுக்குப் போன பொறகு நீங்கதான் கழுவிக் கட்டணும். வந்து பழகிக்கங்க. உள்ளுக்கு அழ வாணாம்."

முழங்கை வரை கை கழுவினேன். எனக்கும் கவுன், எனக்கும் முகக்கவசம். அவர் கண்களுக்கு மருந்து போட்டுப் பஞ்சு வைத்திருந்தார்கள். மிஸ்ஸி கட்டைப் பிரித்துவிட்டு, துணி எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினாள். நான் அவர் உள்ளங்கையில் மெல்ல உப்புநீர் ஊற்றினேன்.

"மிஸ்ஸி," என்றார் அவர். "இன்னிக்கும் ரெண்டு வெரலு மடங்கல. கரண்டி புடிக்க முடியாட்டி எனக்கு யாரு வேல குடுப்பா? நெனச்சாலே பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்றபோது எரிந்ததைவிட அப்போதுதான் அதிகம் எரிந்தது. அந்தப் பயம் என்னிடம் வந்திருக்க வேண்டியது. அதையும் அவளிடம் கொடுத்துவிட்டார்.

"நான்தாங்க," என்றேன்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "நீயா? எந்நேரமா நிக்கிற?"

"தண்ணி ஊத்துனதுல இருந்து."

அவர் அழுதார். மிஸ்ஸி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. அடுத்த விரலைக் கழுவினேன்.

வீட்டில் இரண்டு மாதம் நானே கட்டினேன். "மிஸ்ஸி இப்புடி இழுக்க மாட்டாங்க," என்பார். "அப்ப அவங்களயே கூட்டிட்டு வாங்க," என்பேன். ஆஸ்பத்திரிக்குக் கையைக் காட்டப் போன கிளினிக் நாளில் முகக்கவசமில்லாமல் அவளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள். அப்படி இருக்கமாட்டாள் என்று நம்பியிருந்தேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "தங்கச்சிட கை நல்ல சுத்தம்," என்றாள். நன்றி சொன்னேன், மனதாரத்தான். திரும்பும்போது அவரை அவள் பக்கம் விடாமல் நடுவில் நடந்ததும் உண்மை.

அந்த இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. மற்ற மூன்றால் கரண்டி பிடிக்கப் பழகி, அடுத்த வருடம் அதே கடைக்கு வேலைக்குப் போனார். முதல் நாள் வேலை விட்டு வந்து, கை வலித்ததை என்னிடம் சொன்னார்.